நூற்று இருபத்தெட்டு கிலோவாட்

மழைநீர்க் குழாயை வளைக்க ரோவனுக்கு நான்கு சனிக்கிழமைகள் பிடித்தன. பிளம்பர் வீட்டில் குழாய்க்கா பஞ்சம்? பொறுமைக்குத்தான் பஞ்சம். தொண்ணூறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய்க்குள் மணலை இறுகக் குத்தி, இரண்டு முனைகளையும் அடைத்து, ஹீட் கன்னால் சூடு காட்டி, முழங்காலில் வைத்து மெல்ல மெல்ல வளைக்க வேண்டும். மணல் இல்லாவிட்டால் வளைவில் சப்பிப்போகும். அவசரப்பட்டால் கருகும். மூன்றைக் கருக்கி நான்காவதைத் தேற்றினான். அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, முனையில் கூம்பு ஃபில்டர் ஒன்றை மாட்டி, தன் பழைய ஆறு சிலிண்டர் ஃபால்கன் காரில் பொருத்தினான். கம்பெனிக்காரன் வைத்திருந்த காற்றுப் பெட்டி ஷெட்டின் மூலைக்குப் போயிற்று.

நோக்கம் நல்ல நோக்கம்தான். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். அது நிறைய உள்ளே போனால் இன்ஜினுக்கு வலு கூடும். ஆனால் நம் ஆள் செய்த வேலையைக் கேளுங்கள். குழாயின் வாயை முன் பம்பர் வரை கொண்டுபோக வேண்டுமென்றால் தகரத்தை வெட்ட வேண்டும். இவனுக்கு வெட்ட மனம் வரவில்லை. ரேடியேட்டருக்குப் பின்னாலேயே, கொதிக்கிற இடத்திலேயே, வாயை நிறுத்திவிட்டான். அதற்குக் குளிர்காற்றுக் குழாய் என்று பேர் வைத்து, கார்னபி ஊர் முழுக்கத் தம்பட்டமும் அடித்தான்.

தம்பட்டத்துக்குக் காரணம் இருந்தது. மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் மெர்வுடைய ஒர்க்‌ஷாப்பில், ஆறு சிலிண்டர் கிளப்புக்கு டைனோ நாள். டைனோ என்பது தரையில் பதித்த இரும்பு உருளைகள். காரை அதன் மேல் ஏற்றி, நாலு பட்டை போட்டுக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டால், சக்கரத்துக்கு எத்தனை கிலோவாட் வருகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். மெர்வ் அதை மைக்கில் வாசிப்பான். பலகையில் சாக்கட்டியால் எழுதுவான். யாருடைய எண் கடைசியில் நிற்கிறதோ, அவர்தான் அடுத்த டைனோ நாள் வரைக்கும் கிளப்புக்கு சாசேஜ் சுட வேண்டும். ரோவன் ஏழு வருடமாகத் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தான்.

"வெங்காயம் நறுக்கவே பொறந்தவனே, இந்த வருஷமாவது உன் வண்டிக்கு மூச்சிரைப்பு நின்னுச்சா?" என்றாள் ஜோசி. கிளப்பிலேயே வாய் நீளமானவள். அவளுடைய வண்டி அவளைவிட வேகம்.

"இந்த வருஷம் நீ சுடுவே, நான் திம்பேன். எழுதி வச்சுக்கோ."

"எழுதி வச்சுக்கிறேன். ஏப்ரன் மட்டும் தோச்சுக் குடுத்துடு, ஏழு வருஷ எண்ணெய் அதுல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ரோவனும் சிரித்தான். ஐம்பத்தைந்து வயதில், ஏழு வருடக் கேலிக்குப் பிறகு, சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் அது பல்லோடு நின்றுவிட்டது.

ஒவ்வொரு காருக்கும் மூன்று ஓட்டம். அதில் எது அதிகமோ அதுதான் கணக்கு. மெர்வ் காரை ஏற்றிக் கட்டினான். பென்சில் கனத்தில் ஒரு சென்சார். அதை முன் கிரில்லில் தன் கையாலேயே மாட்டினான். இந்த விஷயத்தில் மெர்வ் வேறு யாரையும் நம்ப மாட்டான். வெயில் நாளில் இன்ஜினுக்கு வலு குறையும் இல்லையா, அதற்காக அந்த சென்சார் காற்றின் சூட்டைப் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் எண்ணைக் கொஞ்சம் கூட்டிக்கொடுக்கும். அப்படிச் செய்தால்தான் வெயிலில் ஓடியவனுக்கும் குளிரில் ஓடியவனுக்கும் ஒரே நியாயம். இதை ரோவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே மெர்வ்தான். இருபது வயதில் ஒரே ஃபுட்பால் டீமில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டத்துக்குக் கூப்பிடாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இருவரும்.

முதல் ஓட்டம் முடிந்தது. மெர்வ் ஜன்னல் வழியாகக் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "நூத்திப் பதினேழுடா" என்றான்.

"போன வருஷம் நூத்தி இருபத்தொண்ணு!"

"ஆமா. நாலு கொறஞ்சிருக்கு. இரு, இன்னொண்ணு பாப்போம்."

இரண்டாவது ஓட்டத்திலும் நூற்றுப் பதினேழு. குழாய் வேலை செய்தது. தலைகீழாக வேலை செய்தது. வெளியே ஜோசி ஏப்ரனைக் கொடியாக ஆட்டிக்கொண்டிருந்தாள். மெர்வ் மின்விசிறியைச் சரிசெய்யப் பின்பக்கம் போனான். "கிளாம்ப் ஒண்ணு லூசா இருக்கு, இறுக்கிடுறேன்" என்று ரோவன் பானட்டுக்கு அடியில் குனிந்தான். கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது. அவன் கை கிரில்லுக்குப் போயிற்று. சென்சாரைக் கழற்றி, ரேடியேட்டரின் கொதிக்கிற மேல் ஹோஸுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு வந்தது.

அவ்வளவுதான். மூன்று நொடி வேலை. கடை முழுக்க அறுபது டிகிரி கொதிக்கிறது என்று நம்பிய கம்ப்யூட்டர், ஐயோ பாவம் என்று அள்ளிக் கொடுத்தது.

"நூற்று இருபத்தெட்டு!" மைக்கில் மெர்வின் குரல் உடைந்தது. "கிளாம்ப்தான்டா! கிளாம்ப்ல காத்து கசிஞ்சிருக்கு! டேய், ஜெயிச்சிட்டடா!"

மெர்வ் வந்து அவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். ரோவனைவிட அவனுக்குத்தான் சந்தோஷம் அதிகம். அந்தப் பிடியில் நின்றபடியே ரோவன் பார்த்தது சென்சாரைத்தான். மெர்வ் கையை எடுத்ததும் முதல் வேலையாக, கைகுலுக்க வந்தவர்களுக்கு நடுவிலேயே, அதைத் திரும்பக் கிரில்லில் மாட்டினான். கிளப்பில் இன்னொருவனான டெஸ்ஸின் வண்டி கடைசியாயிற்று. ஏப்ரன் கை மாறியது. அன்று ரோவனும் சாசேஜ் தின்றான். பீர் ஊற்றித்தான் இறக்கினான்.

அது அதோடு போயிருந்தால் ஒரு சின்னத் திருட்டு. ஆளைக் கொல்லாது. பலகையில் ஓர் எண், அடுத்த மார்ச்சில் அழிந்துவிடும். ரோவனும் அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். ஆனால் டெஸ் விடவில்லை. "எனக்கும் ஒரு குழாய் செஞ்சு குடு மச்சான், கொஞ்சம் மனசு வை" என்று நாய்க்குட்டியாகச் சுற்றிவந்தான். மறுத்தால் ஏன் என்று கேட்பான். ரோவன் இன்னொரு குழாயில் மணலைக் குத்தினான். ஒவ்வொரு குத்துக்கும் தன்னையே திட்டிக்கொண்டான், ஆனாலும் குத்தினான்.

டெஸ் அதை மாட்டிக்கொண்டு, உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போன ஊரில், அங்கிருந்த டைனோவில் வண்டியை ஏற்றிப் பார்த்தான். ஐந்து கிலோவாட் குறைவு. திரும்பி வந்தவன் ரோவனைக் குற்றம் சொல்லவில்லை. அப்படி ஒரு நினைப்பே அவனுக்கு வரவில்லை.

"மெர்வோட மெஷின் பொய் சொல்லுதுடா. நம்ம எல்லார் நம்பரும் காத்துல எழுதினதுதான்" என்று பெட்ரோல் பங்கில், பேக்கரியில், பார்த்த இடத்தில் எல்லாம் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கார்னபியில் சிரித்துக்கொண்டே சொல்வதுதான் சீக்கிரம் பரவும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், வேலை முடிந்து ரோவன் ஒர்க்‌ஷாப் பக்கம் போனான். மெர்வ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் டைனோ நாளன்று அச்சடித்த தாள்.

"வா, உக்காரு. மெஷின்ல ஒண்ணுமில்ல" என்றான் மெர்வ். "நான்தான். இத பாரு. உன் மூணாவது ஓட்டம். காத்து அறுபத்தொரு டிகிரின்னு இருக்கு. அன்னைக்குக் கடைக்குள்ள முப்பத்தி மூணுதான். சென்சாரை நான் எங்கயோ சூட்டுல மாட்டியிருக்கேன்."

ரோவன் தாளைப் பார்த்தான். எழுத்துகள் தெளிவாக இருந்தன; சொல்ல வேண்டியதும் தெளிவாகவே இருந்தது. வாயைத் திறந்து 'நான்தான்டா' என்று ஒரு வார்த்தை. அதற்குள் மெர்வ் மேலே பேசினான்.

"ஆனா நான் கிரில்லுல மாட்டினதா ஞாபகம்டா. சத்தியம் பண்ணுவேன். நடுவுல எடுத்து மாட்டினதா சுத்தமா ஞாபகம் இல்ல." தாளை இன்னொரு முறை பார்த்தான். "எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. சாவிய ஃபிரிட்ஜுல வச்சுட்டு, வைக்கவே இல்லன்னு சத்தியம் பண்ணுவாரு. அப்போ அவருக்கு அம்பத்தொம்பது. எனக்கு இப்போ அம்பத்தேழு."

"சும்மா இருடா. ஒரு சென்சாருக்குப் போயி..."

"டாக்டரைப் பாத்துட்டேன். அடிலெய்டுல ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காரு. யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன்." மெர்வ் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். "நீ பக்கத்துலயே நின்னியே. யோசிச்சுச் சொல்லு. மூணாவது ஓட்டத்துக்கு முன்னாடி நான் அந்த சென்சாரைத் தொட்டேனா?"

மனுஷன் இவ்வளவு நேராகக் கேட்டால் பதிலும் நேராக வர வேண்டும். ரோவனுக்கு வரவில்லை. ஜோசியின் முகம் வந்தது, ஏப்ரன் வந்தது, ஊரே சிரிக்கிற சத்தம் வந்தது. காதுமடல் இரண்டும் சுட்டன.

"நீ தொட்டிருப்பேன்னு நெனக்கிறேன்டா" என்றான். "சரியா ஞாபகம் இல்ல. ஆனா தொட்ட மாதிரிதான் இருக்கு."

மெர்வ் தலையை ஆட்டினான். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். "சரி. மறைக்காம சொன்னதுக்கு நன்றிடா" என்றான்.

நன்றி! வாசலுக்கு வந்த ரோவன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அப்படியே கிடந்தான். தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. திரும்பி உள்ளே போய்ச் சொல்ல இருபது அடிதான். அந்த இருபது அடியை அவன் நடக்கவில்லை.

அதற்கப்புறம் மெர்வ் மாறிப்போனான். செய்கிற ஒவ்வொரு வேலையையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி வண்டியின் மேலேயே ஒட்டினான்: ஆயில் ஊற்றியாயிற்று, மூடி போட்டாயிற்று, மூடி போட்டதைப் பார்த்தாயிற்று. ஒரு கோதுமை விவசாயி டிரக்கை எடுத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போன பிறகு போன் செய்து, சக்கர நட்டை இறுக்கினேனா என்று சந்தேகமாக இருக்கிறது, திரும்பி வாருங்கள் என்றான். அவரும் வந்தார். எல்லா நட்டும் இறுக்கமாகத்தான் இருந்தன. வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? முப்பது வருடமாக மெர்வ் தொட்ட வண்டியை யாரும் மறுபடி தொட்டுப் பார்த்ததில்லை. இப்போது எல்லோரும் வாசலிலேயே நிறுத்தி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். ரோவன் அதையும் பார்த்தான். தினம் ஒரு முறை சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனான், தினம் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தான். தூக்கம் கெட்டது, பசி கெட்டது. இவ்வளவு கெட்டும் வாய் மட்டும் திறக்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, மெர்வ் கடையிலேயே கிளப் கூட்டம். டெஸ் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சாசேஜைக் கருக்கிக்கொண்டிருந்தான். மெர்வ் ஒரு டயர் மேல் ஏறி நின்று பேசினான்.

"ரெண்டு விஷயம். டைனோ நாளன்னிக்கு ரோவன் நம்பர் தப்பு. மெஷின் தப்பில்ல, என் தப்பு. சென்சாரை நான் தப்பான இடத்துல மாட்டிட்டேன். ரோவன், மன்னிச்சுக்கோ. நீ கஷ்டப்பட்டுச் செஞ்சதை நான் கெடுத்துட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டான். "ரெண்டாவது, டைனோவை விக்கப் போறேன். கடையையும்தான். என் தலை முன்ன மாதிரி இல்ல. அடுத்தவங்க பிரேக்குல கை வைக்க எனக்கே பயமா இருக்கு."

ஜோசி கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு டயர் பக்கம் நகர்ந்தாள்.

"நீ இல்லடா, நான்" என்றான் ரோவன். குரல் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. "சென்சாரை மாத்தினது நான். கிளாம்பை இறுக்குறேன்னு குனிஞ்சேனே, அப்போ. ஹோஸ் பக்கத்துல மாட்டினேன். அப்புறம் யாரும் கவனிக்காதப்போ பழையபடி வச்சிட்டேன்."

டெஸ் இடுக்கியால் அடுப்பைத் தட்டினான். "இதுதான்டா மச்சான்! பாத்தீங்களா, பழிய எப்படித் தன் தலையில போட்டுக்கிறான்னு!"

"நல்ல மனுஷன்யா நீ" என்றாள் ஜோசி. அவள் கண் கலங்கியிருந்தது. ஏழு வருடமாக அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியவள் முதல் முறையாக அவனைப் புகழ்ந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். முதுகில் தட்டினார்கள். மெர்வ் டயரிலிருந்து இறங்கி வந்து அவன் தோளைப் பிடித்தான்.

"வேணாம்டா. எனக்காக நீ பொய் சொல்ல வேணாம்."

பாவத்தைச் சொன்னால் அடிப்பார்கள் என்று பயந்துதான் அவன் இத்தனை நாள் வாயை மூடியிருந்தான். இப்போது சொல்லியும் மாலை போட்டார்கள். அந்தக் கைதட்டலில் ரோவன் கூனிக் குறுகிப்போனான். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், ஊருக்கு அவன்தான் உத்தமன். அந்த ஆசையும் ஒரு கணம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வந்த ஆசையை அவன் எப்படித் தள்ளினானோ, நேரே போய் ஃபால்கனில் ஏறி, அதை உருளைகள் மேல் ஓட்டி நிறுத்தினான்.

"கட்டு" என்று இறங்கினான்.

மெர்வ் கட்டினான். நாலு பட்டை. சென்சாரைக் கிரில்லில் மாட்டினான். மாட்டினேன் என்று டேப்பில் எழுதி ஒட்டினான். உள்ளே உட்கார்ந்து ஓட்டினான். கடை அதிர்ந்தது.

"நூற்றுப் பதினேழு."

ரோவன் எல்லோரும் பார்க்கப் பானட்டுக்கு அடியில் குனிந்தான். கை தடுமாறவில்லை, இடம் அவனுக்குப் பழக்கமான இடம். சென்சாரைக் கழற்றி மேல் ஹோஸுக்குப் பக்கத்தில் மாட்டினான். நகர்ந்து நின்றான். மெர்வ் மறுபடி ஓட்டினான். சத்தம் அடங்கிய பிறகும் அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மைக்கை எடுக்கவில்லை.

"எவ்வளவு?" என்றாள் ஜோசி.

"நூத்தி இருபத்தெட்டு."

டெஸ் இடுக்கியைக் கீழே வைத்தான். சாசேஜ் கருகுகிற வாசனை வந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை.

மெர்வ் காரிலிருந்து இறங்கினான். "அப்போ நான் கிரில்லுலதான் மாட்டியிருக்கேன்" என்று தனக்குத்தானே சொன்னான். "நடுவுல தொடவே இல்ல. எனக்கு ஒண்ணும் மறந்து போகல." முகம் மலர்ந்தது. சின்னப் பிள்ளை போல ஒரு சிரிப்பு, கண்ணில் தண்ணீர். ஜோசி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ரோவனுக்கும் உயிர் வந்தது. மூன்று அடி முன்னால் வந்தான்.

மெர்வின் சிரிப்பு அங்கேயே நின்றது. எதையோ கணக்குப் போடுகிற முகம்.

"அந்தப் புதன்கிழமை உன்கிட்ட கேட்டேன்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். "அப்பாவைப் பத்திச் சொன்னேன். ஸ்கேன் பத்திச் சொன்னேன். தொட்டேனான்னு கேட்டேன்."

"கேட்டே."

"நான் தொட்டேன்னு சொன்னியேடா."

ரோவன் தலைகுனிந்தான். மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. இவனிடம் சொல்ல அது ரொம்பச் சின்னதாக இருந்தது. மெர்வ் காத்திருந்தான். இன்னும் ஏதாவது வரும், தன்னால் புரிந்துகொள்ள முடிகிற ஒரு காரணம் வரும் என்று நிஜமாகவே காத்திருந்தான். பிறகு குனிந்து பட்டைகளை அவிழ்க்க ஆரம்பித்தான்.

ரோவன் மறுபக்கப் பட்டைக்குக் கை நீட்டினான்.

"அத விடு" என்றான் மெர்வ். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. தானே காரைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தான். கடைசிப் பட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன், காரைப் பார்த்தான், கையைப் பார்த்தான். ரோவன் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான். மெர்வ் அவனைத் தாண்டி, அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற டெஸ்ஸைப் பார்த்துக் கேட்டான்.

"டெஸ், நாலையும் அவுத்துட்டேனா?"

"அவுத்துட்டே மெர்வ்" என்றான் டெஸ். "நான் பாத்தேன்."

மெர்வ் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி ஒரு முறை குனிந்து, நாலு பக்கமும் தானே பார்த்தான்.